பதினேழாம் நம்பர் கூடாரம்

7

“இன்னிக்கு சாயங்காலத்தோட தேடறதை நிறுத்திக்கிறோம்” என்றார் ரேஞ்சர் கோர்டெஸ்.

சுற்றி வளைக்காமல், நெல்ஸ் லின்டின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அந்த மட்டில் நேர்மையான மனிதர். பக்கத்தில் நின்ற துப்பறியும் உதவியாளன் ரூடிக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எதிரே இருந்த ஆஸ்பென் மரத்தைப் பார்த்தான். அதில் இலையே இல்லை.

“நிறுத்தறீங்களா? அவ கிடைக்கலையே!” என்றான் நெல்ஸ்.

“ஏரிப் பாதை முழுக்க சல்லடை போட்டுச் சலிச்சாச்சு, நெல்ஸ். நாய்ங்க ரெண்டு தடவை போயிருச்சு. ஹெலிகாப்டர் போயிருச்சு. ராத்திரி பனி கொட்டப் போகுது. அப்புறம் என் ஆளுங்களைத் தேட நான் ஆள் அனுப்பணும்.”

“அவ கூடாரம் இங்க நிக்குது, சார். கூடாரத்தைப் போட்டுட்டு எவளாவது ஊருக்குப் போவாளா? இங்கதான் எங்கேயோ இருக்கா. கால் உடைஞ்சு கிடக்கிறா. கத்திக்கிட்டு இருக்கா, நமக்குக் கேட்கலை.”

பத்து நாளாகக் கத்திக்கொண்டிருக்க யாராலும் முடியாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், நெல்ஸ் உட்பட.

கதை இதுதான். நெல்ஸின் தங்கை மாரிட், முப்பத்தொரு வயது. செப்டம்பர் தொடக்கத்தில் டுலூத்திலிருந்து தனியாக ரயிலேறி மொன்டானா மலைக்கு வந்தவள், இந்தத் தேசியப் பூங்கா முகாமில் பதினேழாம் எண் இடத்தில் கூடாரம் போட்டாள். ஒரு திங்கட்கிழமை ரயிலில் திரும்பி வர வேண்டியவள் வரவில்லை. அன்று மாலையே நெல்ஸ் பூங்கா அலுவலகத்துக்கு ஃபோன் போட்டான். போய்ப் பார்த்தால் கூடாரம் இருந்தது, படுக்கைப் பை, அடுப்பு, எரிவாயு டப்பா, முதுகுப்பை எல்லாம் இருந்தன. ஆள் இல்லை. கரடி பாய்ந்தால் அதன் முகத்தில் அடிக்கிற அவளுடைய கரடி ஸ்ப்ரே மட்டும் காணோம். இந்த மலையில் கரடி ஸ்ப்ரே எடுத்துப் போனால் நடக்கப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். இந்த முகாமிலிருந்து நடக்கப் போகிறவர்கள் எல்லோரும் போவது ஏரிப் பாதைக்கு. ஆகவே எல்லோரும் ஏரிப் பக்கம் தேடினார்கள்.

நெல்ஸ் தன் மீன்பிடிப் படகை விற்றுவிட்டு லோர்னா பிக்கெட்டைக் கூப்பிட்டான். லோர்னா மாவட்டப் போலீஸில் முப்பது வருஷம் துப்பறிந்து, முழங்கால் தேய்ந்து, ஓய்வு பெற்று, ஓய்வு பிடிக்காமல் தனியாகத் தொழில் ஆரம்பித்த பெண்மணி. அவளுக்கு ஒரே உதவியாளன் ரூடி சாவிக். அதற்கு முன்னால் அவன் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தான். இவன் வாயைக் கேட்டுப் பாலிசி எடுத்த ஒரே ஆள் காது கேட்காதவர் என்று லோர்னா சொல்வாள்.

காலையில் வந்து இறங்கியதிலிருந்து ரூடிக்குக் கரடி பயம். முகாம் வாசலிலேயே ஹோஸ்ட் எல்டன் க்ரூஸ் குடியிருக்கும் டிரெய்லர் வண்டி நின்றது. ஹோஸ்ட் என்றால் சம்பளமில்லாத வேலை. விறகு விற்கணும், நெருப்பு மூட்டுகிற வளையத்துச் சாம்பலை அள்ளணும், கக்கூஸில் காகிதம் வைக்கணும், சத்தம் போடுகிறவனைச் சத்தம் போடாதே என்று சிரித்துக்கொண்டே சொல்லணும். பதிலுக்கு டிரெய்லரை நிறுத்த இடமும் தண்ணீரும் கரண்டும் கிடைக்கும். அவர் டிரெய்லருக்கு வெளியே ஒரு மரத்தட்டு. ஊருக்குப் போகிறவர்கள் விட்டுப்போன பாதி டப்பா எரிவாயு, பீன்ஸ் டின், கரடி ஸ்ப்ரே எல்லாம் அதில் இருந்தன. ‘வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தது. ரூடி வண்டியை விட்டு இறங்கிய கையோடு ஒரு ஸ்ப்ரேயை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டான். ஓசி என்றால் அவனுக்குத் துணிச்சல் வந்துவிடும்.

“ரேஞ்சர்” என்றாள் லோர்னா. “நாய்ங்க எங்க போச்சு?”

“முதல்ல நேரா எல்டனோட டிரெய்லருக்கு. ரெண்டாவது தடவையும் அங்கேதான். அதுல ஒண்ணுமில்லை மேடம். விறகு வாங்க எல்லாரும் அங்கதான் போறாங்க. அங்கேர்ந்து எங்கேயும் போகலை, நின்னுருச்சு.”

“எல்டன் பிஸ்கட் போட்டிருப்பார்” என்றான் ரூடி. “நானா இருந்தாலும் நின்னிருப்பேன்.”

நெல்ஸ் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

லோர்னா கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சின்னக் கூடாரம், ஆரஞ்சு நிறம். பார்த்துக்கொண்டே நின்றவள், திடீரென்று தேய்ந்த முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தாள். வலியில் முகம் சுளித்தது.

“நெல்ஸ், இதை யாராவது பிரிச்சாங்களா?”

“தொட விடலை நான். உள்ளே கையை விட்டுச் சாமானை எடுத்துப் பார்த்துட்டு மறுபடி வச்சாங்க, அவ்வளவுதான். அவ கையால போட்ட கூடாரம் மேடம். அவ வந்துதான் பிரிக்கணும்.”

“இங்கேயேவா படுக்கிறே?”

“வெளியே இந்த பெஞ்சுல. உள்ளே போக மனசு வரலை.”

“அவ இதைப் போட்டப்போ படம் ஏதும் அனுப்பினாளா?”

நெல்ஸ் செல்ஃபோனை எடுத்தான். தேட வேண்டியே இருக்கவில்லை, திறந்ததும் அந்தப் படம்தான். ஆரஞ்சுக் கூடாரம், அதன் வாசலில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பெண். பின்னால் ஓடை. மேலே பச்சைப் பசேலென்று ஆஸ்பென்.

“சிரிக்கலையே” என்றாள் லோர்னா.

“பிப்ரவரியில அவ புருஷன் செத்துப்போனான். ரெண்டு பேரும் சேர்ந்து வர்றதுக்குன்னு புக் பண்ணின இடம் இந்தப் பதினேழு. தனியா போகாதேன்னு சொன்னேன், கேட்கலை.” நெல்ஸ் ஃபோனை அணைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான். “ஆனா வந்து தேறிட்டா மேடம். அந்தச் சனிக்கிழமை பூங்கா ஆபீஸ் ஃபோன்லேர்ந்து பேசினா. சிரிச்சா. எத்தனையோ மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் அவ சிரிச்சு நான் கேட்டேன்.”

லோர்னா தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் என்னவோ இறங்கியதை ரூடி பார்த்தான். இந்த வேலையில் அவனுக்குப் பிடிக்காத முகம் அதுதான். நல்ல செய்தி ஒன்றைக் கேட்டு அவள் முகம் இப்படிப் போனால், அது நல்ல செய்தி இல்லை.

“ரூடி, அந்த மூலையைத் தூக்கு.”

“கரடி கிரடி கீழே படுத்திருந்தா?”

“அது உன்னைப் பார்த்துப் பயப்படும். தூக்குடா.”

ரூடி ஆணியைப் பிடுங்கிக் கூடாரத்தின் ஒரு மூலையைத் தூக்கினான். அடியில் பெரிதாக ஒன்றுமில்லை. கூடாரத்துணிக்கும் மண்ணுக்கும் நடுவே அப்பளம் மாதிரி தட்டையாக ஒட்டிக்கிடந்தன வட்ட வட்டமான மஞ்சள் இலைகள். நிறைய.

“என்ன பாஸ்? இலைதானே?”

“இலைதான். ரேஞ்சர், இந்த மரம் எப்போ கொட்டிச்சு?”

கோர்டெஸ் யோசித்தார். “காத்தடிச்சதே ஒரு ராத்திரி, அன்னிக்குத்தான். ஞாயித்துக்கிழமை. திங்கட்கிழமை காலையில பார்த்தா மரம் மொட்டை.” சொல்லி முடித்ததும் அவர் குரல் மாறியது. “அவ செப்டம்பர் முதல் வாரமே கூடாரம் போட்டுட்டாளே?”

“ஆமா. மரம் பச்சையா இருக்கிறப்போ.”

“அப்போ இலை எப்படி அடியில போச்சு?”

“போகலை” என்றாள் லோர்னா. “கூடாரம்தான் இலை மேல வந்துச்சு. நெல்ஸ், அந்தப் படத்தை மறுபடி பாரு. வாசல் எந்தப் பக்கம்?”

நெல்ஸ் பார்த்தான். படத்தில் வாசல் ஓடையைப் பார்த்து இருந்தது. எதிரே நிற்கிற கூடாரத்தின் வாசல் ரோட்டைப் பார்த்து இருந்தது. இத்தனை நாள், ராத்திரியும் பகலும், இந்தப் படத்தையும் இந்தக் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறான். அவன் கண்ணுக்குப் பட்டதெல்லாம் மாரிட் மட்டும்தான்.

“இதை அவ போடலையா?” என்றான். ரொம்பச் சின்னக் குரல்.

“ஞாயித்துக்கிழமை காத்துக்கு முன்னாடியே அவ கூடாரத்தைப் பிரிச்சிட்டா. காத்துக்கு அப்புறம், நீ ஃபோன் பண்ணினதுக்கும் ரேஞ்சர் வந்து பார்த்ததுக்கும் நடுவுல, வேற யாரோ இதை மறுபடி போட்டிருக்காங்க. அவசரத்துல. இலையைக் கூட வாராம.”

ரூடி சுற்றிலும் பார்த்தான். முகாம் முழுக்க ஒவ்வொரு இடமும் கோடு கோடாக வாரி விட்டிருந்தது, சீப்பு போட்டுச் சீவிய தலை மாதிரி. தூரத்தில், ஒன்பதாம் எண் இடத்தில், காக்கி வெஸ்டும் வில்லை குத்திய தொப்பியுமாக எல்டன் க்ரூஸ் இலை வாரிக்கொண்டிருந்தார். சீசன் முடிந்து பூட்டப்போகிற முகாமில், யாரும் வரப்போகாத இடத்தில், சருகு ஒன்று விடாமல்.

“பாஸ், இந்த முகாம்ல இலை வாராத இடம் இந்தக் கூடாரத்துக்கு அடியில மட்டும்தான்.”

“ம். இதுக்குத்தான் உனக்குச் சம்பளம்.”

“போன மாசச் சம்பளத்தைச் சொல்றீங்களா?”

லோர்னா எழுந்துகொள்ளக் கையை நீட்டினாள். ரூடி குனிந்து தூக்கினான். அப்போதுதான் அவள் கண் அவன் இடுப்பில் நின்றது.

“அது எங்க வாங்கினே?”

“எது? இதுவா? ஓசி. அந்த ஆள் தட்டுல கிடந்தது. பார்த்தீங்களா, கழுத்துல பச்சை ரப்பர் பேண்ட் எல்லாம் போட்டு அழகா...”

“அது ரப்பர் பேண்ட் இல்லை” என்றான் நெல்ஸ். அருகே வந்து, ரூடியின் இடுப்பிலிருந்து டப்பாவைக் கேட்காமலே உருவி எடுத்தான். “தலைமுடி கட்டறது. மாரிட்டோடது. மத்தவங்க டப்பாவோட மாறிடக் கூடாதுன்னு மாட்டி வச்சா. டப்பா நான் வாங்கிக் கொடுத்தது.”

கோர்டெஸின் ஆட்கள் மலை மலையாகத் தேடிய டப்பா காலையிலிருந்து ரூடியின் தொடையில் தட்டித் தட்டிக் கூடவே வந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு ஜோக் இருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை.

நெல்ஸ் ஓடத் தொடங்கியிருந்தான்.

*

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்டனின் தொப்பி கீழே கிடந்தது. நெல்ஸ் அவருடைய வெஸ்டைக் கொத்தாகப் பிடித்து ஒரு மரத்தோடு சாய்த்திருந்தான். எழுபத்து நாலு வயது மனிதர். கையில் இருந்த இலை வாரும் கோலை அப்போதும் விடவில்லை.

“எங்கடா புதைச்சே அவளை?”

“விடு நெல்ஸ்!” கோர்டெஸ் நடுவில் பாய்ந்து பிரித்தார். “எல்டன், இவங்க கேட்கறதுக்குப் பதில் சொல்லு.”

லோர்னா நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது. தொப்பியைக் குனிந்து எடுத்து, தட்டி, எல்டனிடம் நீட்டினாள்.

“மிஸ்டர் க்ரூஸ், கரடி ஸ்ப்ரேயை ரயில்ல ஏத்த விடமாட்டாங்க இல்லையா?”

எல்டன் தொப்பியை வாங்கினார். “விடமாட்டாங்க மேடம்.”

“எரிவாயு டப்பாவையும்.”

“அதையும்தான்.”

“அதனால ஊருக்குப் போறவங்க எல்லாம் உங்ககிட்ட கொடுத்துட்டுப் போவாங்க. மாரிட்டும் கொடுத்தா. நீங்க வழக்கம்போல எடுத்துத் தட்டுல வச்சிட்டீங்க. கூடாரத்தைத் திருப்பிப் போட்டீங்க, படுக்கையை வச்சீங்க, அடுப்பை வச்சீங்க. தட்டுல வச்சது மட்டும் மறந்துபோச்சு.”

அவர் மரத்தில் சாய்ந்தபடியே மெல்லச் சரிந்து கீழே உட்கார்ந்தார்.

“எல்லாத்தையும் கொடுத்தா” என்றார். “ஞாயித்துக்கிழமை காலையில. கூடாரம், பை, படுக்கை, மிச்ச விறகு, ஒரு பாக்கெட் ஓட்ஸ். ரயில்ல தூக்கிட்டுப் போக முடியலை தாத்தா, யாராவது இல்லாதவங்க வந்தா கொடுங்கன்னா. நிறையப் பேர் அப்படிக் கொடுப்பாங்க மேடம். புதுக் கூடாரத்தையே விட்டுட்டுப் போறவங்க இருக்காங்க. நான் சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். நல்ல கூடாரம்.”

“மறுநாள் ரேடியோவுல கேட்டப்போ இதைச் சொல்றதுக்கென்ன?” என்றார் கோர்டெஸ். அவருக்குக் கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

“நீங்க என்ன கேட்டீங்க சார்? பதினேழுல ஒரு பொண்ணு காணோம், அவ அண்ணன் பயந்துபோய் ஃபோன் பண்றான், கடைசியா பார்த்தது யாருன்னீங்க. கடைசியா பார்த்தது நான். அவ சாமான் முழுக்க என் டிரெய்லர்ல. நான் தனியா இருக்கிற கிழவன்.” எல்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என் வீட்டை வித்துட்டுத்தான் இந்த டிரெய்லர். என் சம்சாரம் போனப்புறம் வருஷம் முழுக்க இப்படித்தான், இந்தப் பூங்கா மூடினா அரிசோனாவுல இன்னொண்ணு. ஒரு பூங்காவுல விரட்டிட்டாங்கன்னா எந்தப் பூங்காவுலயும் சேர்க்க மாட்டாங்க. எங்கேயாவது தோழி வீட்டுக்குப் போயிருப்பா, நாளைக்கு வந்துருவான்னு நினைச்சேன். ஒரு நாளைக்குத்தானேன்னு கூடாரத்தைப் போட்டேன். அப்புறம் நாய் வந்துச்சு, ஹெலிகாப்டர் வந்துச்சு. எப்படிச் சொல்றது?”

“வாயைத் திறந்து சொல்றது!” நெல்ஸ் கத்தினான். “பத்து நாள்! ஏரியைச் சுத்திச் சுத்தி வந்தோமே, நீ எங்களுக்கு காபி போட்டுக் கொடுத்தியே, கிழவா!”

அதுவும் உண்மைதான். தேடப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு விடியற்காலையிலும் பெரிய பாத்திரத்தில் காபி போட்டு வைத்தவர் எல்டன். காலையில் ரூடியும் அதில் இரண்டு கோப்பை குடித்திருந்தான். நல்ல காபி.

“இவரைக் கூட்டிட்டுப் போங்க ரேஞ்சர்” என்றான் ரூடி. “அவ ஊருக்குக் கிளம்பிட்டான்னா பஸ் ஸ்டாப், ரயில் ஸ்டேஷன்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“இல்லை” என்றாள் லோர்னா. “ரயில் ஸ்டேஷன்ல எதுவும் இல்லை.”

அவள் எல்டனைப் பார்க்கவில்லை. அவர் டிரெய்லருக்குப் பக்கத்தில் நின்ற பேட்டரி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பையும் விறகும் ஏற்றிப் போக ஹோஸ்டுக்குப் பூங்கா கொடுக்கிற வண்டி. இரண்டு பேர் உட்காரலாம்.

“நாய் தப்பு பண்ணலை” என்றாள். “நாமதான் பண்ணினோம். நாய் வந்து இங்க நின்னதுன்னா, இங்கேர்ந்து அவ நடந்து போகலைன்னு அர்த்தம். மிஸ்டர் க்ரூஸ், அவளை எங்க இறக்கி விட்டீங்க?”

மேகம் இறங்கி எதிர் மலையின் பாதியை மறைத்திருந்தது.

“கிழக்குப் பாலத்துல” என்றார் எல்டன்.

கோர்டெஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். “கிழக்குப் பாலமா? அது அடுத்த பள்ளத்தாக்கு! அந்தப் பக்கம் ஒரு ஆளைக்கூட நான் அனுப்பலையே!”

“வண்டியில யாரையும் ஏத்தக்கூடாதுன்னு போன வருஷமே நீங்க எச்சரிச்சீங்க. இன்னொரு தடவைன்னா வேலை போயிரும்னீங்க. அந்தப் பொண்ணு கேட்டா. பாலத்துக்குத் தெரிஞ்சவங்க ஜீப் எடுத்துட்டு வர்றாங்க, ஸ்டேஷன்ல விட்டுருவாங்கன்னா. இறக்கி விட்டேன். சிரிச்சுக்கிட்டே கை ஆட்டினா.”

“என்ன எடுத்துட்டுப் போனா?”

“ஒண்ணுமில்லை மேடம். வெறுங்கை. குளிருதேன்னு நான்தான் ஒரு தொப்பி கொடுத்தேன், என் சம்சாரம் பின்னினது. அதுக்குள்ள ஒரு தீப்பெட்டியையும் போட்டுக் கொடுத்தேன். யார் கிளம்பினாலும் ஒரு தீப்பெட்டி கொடுக்கிறது என் பழக்கம்.”

அப்போதுதான் நெல்ஸுக்குப் புரிந்தது. அவன் முகத்தில் அது வந்து சேர்வதை ரூடி பார்க்கும்படி ஆனது. கொலை இல்லை, கடத்தல் இல்லை. கால் தவறி விழவும் இல்லை. ஜீப் எடுத்து வர இந்த மலையில் அவளுக்கு யாரும் கிடையாது. அண்ணனுக்கு ஃபோன் போட்டுச் சிரித்துவிட்டு, தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் ஒழுங்காக ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, குளிர் மலைக்கு வெறுங்கையோடு போயிருக்கிறாள். எந்த ஹோஸ்டும் அதை ஊருக்குப் போகிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வான்.

“அவ தேறிட்டான்னு நினைச்சேன்” என்றான் நெல்ஸ்.

“தெரியும்பா” என்றாள் லோர்னா.

*

கிழக்குப் பாலத்துக்குப் போகிற பழைய ரோட்டைப் போன வருஷ வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. ஜீப் போகாது. இதையும் ரேஞ்சர் அப்போதுதான் சொன்னார். அந்தப் பாலத்துக்கு எந்த ஆளும் எந்த ஜீப்பிலும் வந்திருக்க முடியாது. எல்டனுக்கு அது தோன்றவில்லை. அவருடைய சின்ன வண்டி அரித்த பள்ளத்தை ஓரமாகவே தாண்டிப் போகும், அவர் அதற்கு மேல் யோசித்ததில்லை.

ஆகவே அதே வண்டியில் போனார்கள். ஓட்டியது எல்டன். பக்கத்தில் நெல்ஸ், பின்னால் விறகு ஏற்றும் தட்டில் லோர்னாவும் ரூடியும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோர்டெஸ் அலுவலகத்துக்குப் போய் ரேடியோவில் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் லோர்னாவின் கையிலிருந்த ரேடியோவில் பதில்கள் வந்தன. மேகம் இறங்கிவிட்டது, ஹெலிகாப்டர் எழும்பாது. நாய்கள் திரும்பிப் போய்விட்டன, நாளை மதியத்துக்கு முன் வராது. மேலே ஒரு பழைய காவல் குடிசை இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் லோர்னா “சரி” என்றாள்.

“பாஸ்” என்றான் ரூடி மெதுவாக. “நாம போய் என்ன பார்க்கப் போறோம்?”

“அவன் தங்கையை.”

“உயிரோடயா?”

“நீ ஜோக் அடிக்கிறவன்தானே, ரூடி. ஏதாவது சொல்லு.”

ரூடி யோசித்தான். ஒன்றும் வரவில்லை. முதல் பனித்துகள் அவன் பேன்ட்டில் விழுந்து உருகாமல் நின்றது.

பாலம் மரப்பாலம். அக்கரையில் பாதை தொடங்குகிற இடத்தில் தூரம் எழுதிய ஒரு கம்பம். எல்டன் வண்டியை நிறுத்தினார். யாரும் இறங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் அது தெரிந்தது.

கம்பத்தின் தலையில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி மாட்டியிருந்தது. காற்றில் பறந்து வந்து சிக்கிக்கொண்ட மாதிரி இல்லை. காது மறைப்பு இரண்டையும் இழுத்து, அவற்றில் தொங்கிய கயிற்றையே கம்பத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. இத்தனை நாள் மழைக்கும் காற்றுக்கும் அசையாத நல்ல முடிச்சு.

எல்டன் தட்டுத்தடுமாறிப் போய் அதைத் தொட்டார். 

“திருப்பிக் கொடுன்னு நான் சொல்லவே இல்லையே” என்றார். “வச்சுக்கோ கண்ணுன்னுதானே சொன்னேன். இதைப் போட்டிருந்தா கொஞ்சமாவது...” கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைத் திட்ட நெல்ஸிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. நெல்ஸ் தொப்பியைப் பார்த்தான், எல்டனைப் பார்த்தான், பிறகு பாதையைப் பார்த்தான். தங்கையுடைய கரடி ஸ்ப்ரே இன்னும் அவன் கையில் இருந்தது. அதோடு மேலே ஏறத் தொடங்கினான்.

“நெல்ஸ், இருப்பா!” என்றான் ரூடி. அவன் திரும்பவில்லை.

லோர்னா முடிச்சை அவிழ்த்துத் தொப்பியை எடுத்தாள். உள்ளே கையை விட்டாள். வெளிப்புறமாகத் திருப்பினாள். உதறினாள். பிறகு கம்பத்தின் அடியைக் காலால் துழாவினாள்.

“ரூடி, பாலத்துக்குக் கீழே பாரு. ரெண்டு பக்கமும்.”

“என்ன தேடணும்?”

“தீப்பெட்டி.”

ரூடி குப்புறப் படுத்துப் பார்த்தான். பலகை இடுக்கில் பார்த்தான். கரையில் இறங்கி, ஈரக் கல்லில் வழுக்கி, முழங்கால் வரை நனைந்து தேடிவிட்டு ஏறி வந்தான். இல்லை.

“ஆத்துல போயிருக்கும் பாஸ்.”

“தொப்பிக்கு இவ்வளவு கெட்டியா முடிச்சுப் போட்டவ தீப்பெட்டியை ஆத்துல போடுவாளா? கூடாரத்திலேர்ந்து மிச்ச ஓட்ஸ் வரைக்கும் உரியவர்கிட்ட ஒப்படைச்ச பொண்ணு அவ. தொப்பியைத் திருப்பிக் கொடுத்துட்டா. தீப்பெட்டியைக் கொடுக்கலை. அதை மட்டும் வச்சிக்கிட்டா. சாகறதுக்குத் தீ எதுக்கு?”

ரூடி அவளைப் பார்த்தான். இந்த முகமும் அவனுக்குத் தெரியும். துப்பு கிடைத்தால் வருகிற முகம். ஆனால் இன்றைக்கு அந்தக் கண்ணில் ஒரு துளி வெளிச்சமும் இல்லை.

“பத்து நாள் பாஸ்” என்றான். “ஒரே ஒரு தீப்பெட்டி. குடிசையும் பூட்டிக் கிடக்கு.”

“தெரியும்.”

“இந்தப் பனியில.”

“தெரியும்டா. உன் தோளைக் கொடு, என் முழங்கால் ஏறாது.”

ரூடி தோளைக் கொடுத்தான். ஈரக் காலோடு இருவருமாக ஏறத் தொடங்கினார்கள். பனி இப்போது நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. பின்னால் பாலத்தில் எல்டன் வண்டியின் விளக்கைப் பாதைப் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்றிருந்தார்.

மேலே, கண்ணுக்குத் தெரியாத திருப்பத்தில், நெல்ஸ் தங்கையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். பதில் வரவில்லை. கொஞ்ச தூரம் ஏறி மறுபடியும் கூப்பிட்டான்.